மலையடிவாரத்தில் ஜே.சி.பி. ஓட்டும் தம்பிகளுக்கு

அன்புள்ள தம்பிகளுக்கு,

கண்ணமங்கலம், சந்தவாசல், படவேடு, செண்பகத்தோப்பு என்று ஜவ்வாது மலையின் கிழக்கு அடிவாரம் நெடுக நீங்கள் வண்டி ஓட்டுகிறீர்கள். வாழைக்கு நிலம் திருத்துவது, கிணறு வெட்டிய மண்ணை வாரிக் கொட்டுவது, மனை போடுகிறவர்களுக்கு மேடு பள்ளம் நிரவிக் கொடுப்பது, பாதைக்காகச் சரிவை வெட்டுவது எல்லாம் உங்கள் வேலை. நான் ஆரணிப் பட்டுத் தறியில் வளர்ந்தவன். இப்போது படவேட்டில் குடியிருக்கிறேன். தொல்லியல் எனக்குத் தொழில் இல்லை. ஆனால் இந்த அடிவாரத்தை நடந்து பார்ப்பதும், இதன் பழைய கதையைத் தேடிப் படிப்பதும் பல வருஷமாக என்னை விடாத பழக்கம்.

இதை அரசாங்கத்துக்கு மனுவாக எழுதியிருக்கலாம். பேராசிரியர்களுக்கு எழுதியிருக்கலாம். உங்களுக்கு எழுதக் காரணம், இங்கே மண்ணைத் திறந்து அதற்குள் இருப்பதை முதலில் பார்க்கிறவர்கள் நீங்கள்தான். தொல்லியல் துறையிலிருந்து ஒருவர் கிளம்பி வந்து சேர்வதற்குள் இரண்டு ஏக்கர் சமமாகிவிடும். பக்கெட் இறங்கும் அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பது நீங்களும் நிலத்துக்காரரும் மட்டும்.

நான் கேட்பது இவ்வளவுதான். கரட்டின் மேலோ மலைச் சரிவிலோ முழங்கால் உயரத்துக்கு ஒரு மண்மேடு, அல்லது பாதி புதைந்த கல்வரிசை, நீளமாக ஓடுவதைப் பார்த்தால், அதைத் தள்ளுவதற்கு முன் வண்டியை நிறுத்துங்கள். இறங்கி ஒரு தடவை அதன் கூடவே நடந்து பாருங்கள். படம் எடுங்கள். சொல்ல வேண்டியவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பிறகு வேலையைப் பாருங்கள்.

கல்வரிசைக்குப் போய் ஏன் இத்தனை கவலை என்று கேட்பீர்கள். பழமை என்றால் நம் கண் ஓர் இடத்தில் நிற்கிற பொருளைத்தான் தேடுகிறது. கோயில், சிலை, கல்வெட்டு, பானை நிறையக் காசு. சிலை கிடைத்தால் ஊரே திரண்டு வந்து சூடம் ஏற்றுகிறது; தாசில்தார் வருகிறார்; பத்திரிகையில் படம் வருகிறது. ஒரு பழைய எல்லை அப்படி ஓர் இடத்தில் நிற்பதில்லை. அது ஓடுகிறது. ஒருவர் பட்டாவில் தொடங்கி, இன்னொருவர் தோப்பைக் கடந்து, காட்டிலாகா நிலத்துக்குள் போய் மறைகிறது. ஒரே இடத்தில் நின்று பார்த்தால் அது வெறும் கல். முழு நீளத்தையும் ஒருசேரப் பார்த்தால்தான் யாரோ, எப்போதோ, ஒரு முடிவோடு போட்ட கோடு என்று தெரியும். பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியல்களிலும் கோயிலும் கல்வெட்டும் கல்வட்டமும் கண்ணில் படுகிற அளவுக்கு இந்தக் கோடுகள் படுவதில்லை. அதனால் முதலில் அழிவதும் இவைதான் என்பது என் கணிப்பு.

நம் படவேட்டுக்கு மண்ணுக்குள் பழமை இருப்பது புதுச் செய்தி இல்லை. 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் சம்புவராயர்கள் இங்கிருந்து ஆண்டார்கள். ராசகம்பீரன் மலை அவர்களுடைய மலைக்கோட்டை. விசயநகரத்துப் புக்கரின் மகன் குமார கம்பணன் 14-ஆம் நூற்றாண்டின் நடுவில் தெற்கே மதுரை நோக்கிப் படையெடுத்தபோது முதலில் மோதியது இந்தச் சம்புவராயரோடுதான். அவன் மனைவி கங்காதேவி எழுதிய மதுரா விசயம் என்ற சமஸ்கிருதக் காவியத்தில் அந்தப் போர் வருகிறது. பிறகு இது படைவீட்டு ராச்சியம் ஆயிற்று. பெண்ணுக்குப் பணம் வாங்கிக்கொண்டு கல்யாணம் செய்வதில்லை என்று இந்த ராச்சியத்துப் பிராமணர்கள் கூடிச் செய்த உடன்படிக்கை, 1425-ஆம் ஆண்டுக் கல்வெட்டாக விரிஞ்சிபுரம் கோயிலில் இருக்கிறது. பெரிய கோட்டை, சின்னக் கோட்டை என்று நாம் இன்றும் சொல்கிற இடங்களில் அந்த மதில்களின் எச்சம் கிடக்கிறது.

மண்மாரி பெய்து படவேடு புதைந்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கதைக்குள் நீங்கள் தினமும் கையால் தொடுகிற ஓர் உண்மை உண்டு. மலையிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் மண் இறங்குகிறது. கமண்டல நாகநதி ஜவ்வாது மலையில் பிறந்து, நம் ஊர் வழியாக ஆரணிக்குப் போய்ச் செய்யாற்றில் சேர்கிறது. வருகிற வழியெல்லாம் வண்டலை விட்டுவிட்டுப் போகிறது. தாழ்வான வயல்களில் பழைய தரை ஆழத்தில் கிடக்கும். சரிவில் மேலே போகப் போக மண் மெல்லிசாகிறது, பழைய கல் வெளியே தெரிகிறது. ஆகவே அரசர் காலத்துக்கும் முந்தைய வேலைப்பாடு கண்ணில் படுமானால் அது பெரும்பாலும் கரட்டிலும் சரிவிலும்தான் படும். இப்போது வண்டிகள் ஏறிக்கொண்டிருப்பதும் அங்கேதான்.

அரசர் காலத்துக்கு முன்னால் இங்கே யார் இருந்தார்கள்? மலைக்கு அந்தப் பக்கம், திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளியில், இந்தியத் தொல்லியல் துறை 1964-65-இலும் 1967-68-இலும் தோண்டியது. புதிய கற்கால மக்கள் மண்ணில் குழி பறித்துக் குடியிருந்த இடங்கள் கிடைத்தன. வழவழப்பாகத் தேய்த்த கல்கோடரிகள் கிடைத்தன. கரியாகிப்போன கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. நாம் இன்று ரசம் வைக்கிற அதே கொள்ளு. மலைமேல் அந்தக் கல்கோடரிகளை எடுத்து வந்து சாமியாக வைத்துக் கும்பிடுகிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. ஜமுனாமரத்தூர்ப் பக்கம் கீழ்ச்செப்பிளிக் குன்றின் மேல் பலகைக் கற்களை நிறுத்தி மூடிய கற்திட்டைகள் கூட்டமாக நிற்கின்றன. வாலியர் வீடு என்பது மலைமக்கள் வழக்கு. தெற்கே தண்டராம்பட்டுப் பக்கம் மோட்டூரில் கல்வட்டங்களோடு ஆள் வடிவத்தில் செதுக்கிய பெரிய பலகைக்கல் நிற்கிறது.

கிழக்கே வந்தவாசிப் பக்கம் கீழ்நமண்டி. அதுவும் நம் மாவட்டம்தான். அங்கே 2023-இல் மாநிலத் தொல்லியல் துறை கல்வட்டங்களைத் தோண்டியது. இறந்தவரை வைக்கும் ஈமப்பேழையோடு கூடிய ஒரு புதைப்பிடத்துக்கு ஆய்வுக்கூடம் சொன்ன காலம் கி.மு. 1692. இந்த வகையில் தமிழ்நாட்டில் காலம் கணிக்கப்பட்டவற்றுள் இதுவே பழையது என்று 2025 சனவரியில் வெளியான அரசின் அறிக்கை சொல்கிறது. மூவாயிரத்து எழுநூறு ஆண்டு. கல்வட்டம் என்பதே ஓர் எல்லைதான், தம்பி. இறந்தவருக்கு இவ்வளவு இடம், இதற்குள் உழாதே என்று உருண்டைக் கற்களால் வளைத்துச் சொன்னது. செத்தவருக்கு அப்படி அளந்து கல் வைத்தவர்கள், உயிரோடு இருந்தவரின் நிலத்துக்கும் மாட்டுக்கும் எல்லை வைக்காமல் இருந்திருப்பார்களா?

வைத்தார்கள் என்பதற்கு நல்ல சாட்சி தெலங்கானாவில் இருக்கிறது. மகபூப்நகர்ப் பக்கம் உட்னூர் என்ற ஊரில் ஒரு சாம்பல் மேடு. தக்காணத்தில் கிருஷ்ணா, துங்கபத்திரைப் பக்கம் இப்படிப் பல மேடுகள் உண்டு. அரக்கர் எலும்புச் சாம்பல் என்று ஊரார் சொன்னார்கள். எரிமலைச் சாம்பலாக இருக்குமோ, சூளையாக இருக்குமோ என்று படித்தவர்கள் யோசித்தார்கள். 1957-இல் ரேமண்ட் ஆல்சின் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் உட்னூர் மேட்டை வெட்டிப் பார்த்தார். அடியில் பனைவகை மரத்தண்டுகளை வரிசையாக நட்ட வேலி ஒன்று வட்டமாக ஓடிய தடம் கிடைத்தது. அதற்கு வெளியே இன்னொரு வேலி. உள்வட்டம் மாட்டுக்கு, வெளிவட்டம் ஆளுக்கு. உள்ளே தரையில் மாட்டுக் குளம்புகளின் தடம் பதிந்தபடியே இருந்தது.

நாலாயிரம் ஆண்டுக்கு முன் ஈரத்தில் மாடு மிதித்த தடம் அது. பட்டியில் சாணி மலைபோலச் சேர்ந்ததும் வேலியோடு சேர்த்துத் தீ வைத்திருக்கிறார்கள், பிறகு அதே இடத்தில் புது வேலி, திரும்பவும் தீ. அப்படி அடுக்கடுக்காக வளர்ந்ததுதான் மேடு. அந்தத் தீயை நம் பொங்கல், ஹோலி நெருப்புகளோடு ஆல்சின் ஒப்பிட்டுப் பார்த்தார். அது சரியா என்று இன்றும் வாதம் நடக்கலாம். ஆனால் அந்தக் குளம்படிகளை எண்ணிப் பாருங்கள். அவற்றைக் கண்டது தூரிகையும் சின்னக் கரண்டியும் வைத்து விரல் அளவு விரல் அளவாகச் சுரண்டிய கை. உங்கள் பக்கெட் ஒரு தடவை இறங்கியிருந்தால் அது சாம்பல் கலந்த நல்ல எருவாகத்தான் தெரிந்திருக்கும். அப்படி எருவென்று வண்டி வண்டியாக வயலுக்குப் போன மேடுகளும் அந்தப் பக்கம் உண்டு.

மாட்டுக்கும் எல்லைக்கும் நம் பக்கத்திலும் பழைய உறவு உண்டு. செங்கம் வட்டாரத்து நடுகற்களை மாநிலத் தொல்லியல் துறை திரட்டி 1972-இல் நாகசாமி பதிப்பித்த நூலாக வெளியிட்டது. பல கற்கள் மாட்டு மந்தையைக் கவர வந்தவரோடு சண்டையிட்டு மாண்டவருக்கு நட்டவை. எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. கருந்தேவக்கத்தி என்ற வீரன் மந்தைச் சண்டையில் விழுந்தான். கோவிவன் என்ற அவன் நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது. ஆளோடு நாயையும் சேர்த்துச் செதுக்கி, நாயின் பெயரையும் பொறித்து வைத்தார்கள். எனக்கு இந்தக் கல்லைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைந்துபோகும். அந்த மந்தை எங்கே அடைபட்டிருந்தது, எந்த வழியில் அதை ஓட்டிக்கொண்டு போனார்கள், எந்த எல்லையைத் தாண்டியதும் சண்டை மூண்டது என்பதைக் கல் சொல்லவில்லை. அதைச் சொல்லக்கூடியது நிலத்தில் கிடக்கிற பட்டிச் சுவரும் பழைய மேடும் பாதையும்தான்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கல்வரிசை எல்லாமே ஆயிரம் ஆண்டுப் பழமை ஆகிவிடாது. மலைமேல் சாமை விதைக்கிறவர்கள் நிலத்தில் கிடக்கும் கல்லைப் பொறுக்கி ஓரமாக அடுக்குகிறார்கள். அது தாத்தா போட்டதாக இருக்கும், போன வருஷம் பேரன் போட்டதாகவும் இருக்கும். ஆடு அடைக்கிற பட்டி, காட்டிலாகா போட்ட சுவர், வெள்ளைக்காரன் காலத்து எல்லைக்கல் எல்லாம் ஒன்றுக்கொன்று பக்கத்தில் கிடக்கும். சம்புவராயர் காலத்துப் புறமதிலாகவும் இருக்கலாம். வெறும் கண்ணால் பார்த்துக் காலம் சொல்வேன் என்கிறவரை நம்பாதீர்கள், அது நானாக இருந்தாலும். சந்தேகத்தைக் கிளப்பக்கூடிய சில அடையாளங்கள் உண்டு. கல் மண்மேல் உட்கார்ந்திருக்காமல் பாதிக்குமேல் புதைந்திருக்கும். வெயில் படுகிற முகத்தில் சாம்பலும் பச்சையுமாகக் கல்பாசி படை படையாக ஏறியிருக்கும். இரண்டு பக்கமும் பெரிய கல்லை நிறுத்தி, நடுவில் பொடிக்கல்லும் மண்ணும் கொட்டி நிரப்பியிருப்பார்கள். கோடு இன்றைய வரப்பையோ சர்வே எல்லையையோ மதிக்காமல் குறுக்கே போகும். மேட்டின் மேல்பக்கம் நூற்றாண்டுக் கணக்கில் இறங்கிய மண் தேங்கி உயர்ந்திருக்கும், கீழ்ப்பக்கம் பள்ளமாக இருக்கும். பக்கத்தில் உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான பானை ஓடுகள் கிடந்தாலோ, கனமான இரும்புக் கசடு கிடந்தாலோ, அங்கே மேற்கொண்டு ஒரு பக்கெட்கூட எடுக்க வேண்டாம்.

உங்கள் கண்ணுக்கு மட்டும் கிடைக்கும் ஒரு காட்சியைச் சொல்கிறேன். இப்படி ஒரு மேட்டை நீங்கள் குறுக்காக வெட்டுகிறீர்கள். வெட்டு முகம் செங்குத்தாக நிற்கிறது. மேலே ஒரு சாண் அளவு வேர் ஓடிய மேல்மண். அதற்குக் கீழே சரிந்து விழுந்த கற்கள், திசைக்கு ஒன்றாக. இன்னும் கீழே நிறுத்திய கல் இரண்டு, நடுவில் நிரப்பிய மண். எல்லாவற்றுக்கும் அடியில், சிவந்த மண்ணுக்கு மேலே, நாலு விரல் கனத்துக்குக் கொஞ்சம் கறுத்த பட்டை ஒன்று தெரியும். அந்தப் பட்டைதான் முக்கியம். மேடு போட்ட அன்று மேலே இருந்த புல்தரை அது. அதன் மேல் மண்ணைக் கொட்டியதால் அப்படியே மூடிப்போய்விட்டது. அன்றைக்கு அங்கே காடு இருந்ததா, எரித்து வெளியாக்கினார்களா, விதைத்தார்களா, மாடு மேய்ந்ததா எல்லாம் அந்த நாலு விரலுக்குள் இருக்கிறது. அதில் ஒரு கரித்துண்டு அகப்பட்டால் ஆய்வுக்கூடம் காலம் சொல்லும்.

கரி இல்லாவிட்டாலும் வழி உண்டு. மணலில் இருக்கும் பளிங்குத் துகள் இருட்டில் கிடக்கும்போது சுற்றியுள்ள மண்ணின் கதிர்வீச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே வரும். வெயில் பட்டதும் சேர்த்தது அத்தனையும் போய், கணக்கு முதலிலிருந்து தொடங்கும். ஆகவே ஒரு துகள் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்று அளந்துவிடலாம். தெற்கே சிவகளை என்ற ஊரில் அகழ்ந்தவற்றுக்கு இந்த முறையிலும் காலம் கணித்தார்கள். இதற்காக மண்ணில் இரும்புக் குழாயை அடித்து, வெளிச்சம் படாமல் இரண்டு பக்கமும் மூடி எடுத்துப் போவார்கள். பக்கெட் புரட்டிப் போட்ட மண்ணில் அந்தக் கணக்கு சில நிமிஷ வெயிலிலேயே அழிந்துவிடும். பிறகு எந்த நாட்டு ஆய்வுக்கூடம் வந்தாலும் மீட்க முடியாது. தறியில் பாவு இழை அறுந்தால் நாங்கள் முடிச்சுப் போட்டு ஏற்றிவிடுவோம். மண்ணின் அடுக்கு அறுந்தால் முடிவதற்கு ஆள் இல்லை. நீங்கள் ஒரு மணி நேரம் நிறுத்துவது வீண் வேலை இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்படிப்பட்ட கோடுகளைப் படித்து அறிந்த கதை வெளிநாட்டில் உண்டு. இங்கிலாந்தின் தென்மேற்கே டார்ட்மூர் என்று ஒரு மேட்டுநிலம். புல்லும் பாறையும் மழையும் காற்றும். அங்கே புல்லுக்குள் முழங்காலுக்கும் தாழ்வான கல்மேடுகள் குன்று ஏறி, ஆறு தாண்டி, மைல் கணக்கில் நேர்கோடாக ஓடுகின்றன. ஊராருக்கு அவை இருப்பது தெரியும். பழைய பாதை என்றார்கள், போன நூற்றாண்டு வேலி என்றார்கள், யாரும் பொருட்படுத்தவில்லை. 1970-களில் ஆண்ட்ரூ ஃபிளெமிங் என்ற ஆய்வாளர் அவற்றின் கூடவே நடந்து, ஒவ்வொன்றையும் வரைபடத்தில் ஏற்றினார். அவை ஏறக்குறைய மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய வெண்கலக் கால மக்கள் நிலத்தையும் மேய்ச்சலையும் பிரித்துப் போட்ட எல்லைகள் என்று நிறுவினார். மன்னன் பெயர் இல்லை, கல்வெட்டு இல்லை, புதையல் இல்லை. ஒரு மேட்டுநிலம் முழுவதையும் சேர்ந்து அளந்து பங்கிட்ட மக்கள் அங்கே இருந்தார்கள் என்பது அந்தக் கோடுகளால் மட்டுமே தெரியவந்தது.

அயர்லாந்தில் நடந்தது இன்னும் உங்களுக்கு நெருக்கமான கதை. மாயோ மாவட்டத்தின் வடகரையில் விறகுக்குப் பதிலாக மக்கிய சதுப்பு மண்ணை வெட்டிக் காயவைத்து அடுப்பில் எரிப்பார்கள். 1930-களில் பேட்ரிக் கால்ஃபீல்டு என்ற பள்ளிக்கூட வாத்தியார் அப்படி வெட்டுகிற இடத்தில் அடிமட்டத்தில் கற்கள் வரிசையாகக் கிடப்பதைக் கவனித்தார். சதுப்பு வளர்வதற்கு முன்பே அந்தக் கல்லை யாரோ அடுக்கியிருக்க வேண்டும் என்று அவர் புத்திக்கு எட்டியது. தலைநகர் அருங்காட்சியகத்துக்குக் கடிதம் எழுதினார். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அவர் மகன் சேமஸ் தொல்லியல் படித்துவிட்டு வந்து, 1970-களில் தோண்டாமலேயே ஒரு வழி கண்டார். நீளமான இரும்புக் கம்பியைச் சதுப்புக்குள் இறக்கிக்கொண்டே போவது; கல்லில் இடித்தால் அங்கே ஒரு குச்சி நடுவது. குச்சிகளைத் தூரத்திலிருந்து பார்த்தபோது வயல் வயலாக எல்லைச் சுவர்கள் எழுந்து வந்தன. ஐயாயிரம் ஆண்டுக்கு மேல் பழையவை என்று கணித்தார்கள். அந்தக் காலக்கணிப்பை மறுத்து வாதாடுகிறவர்களும் உண்டு. அந்த இடம் கேஜ் வயல்கள் என்று இன்று உலகமே அறிந்த இடம். முதலில் கண்டது மண் வெட்டுகிற இடத்தில் நின்று கூர்ந்து பார்த்த ஒரு கண்.

நம் பக்கத்து மேட்டுநிலத்தில் நேர்ந்தது வேறு. நீலகிரியின் மலைமுகடுகளில் வட்டச் சுவர்களோடு பழைய ஈமச்சின்னங்கள் இருந்தன. 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்கார அதிகாரிகள் அவற்றைத் தோண்டினார்கள். நீலகிரியின் முதல் கமிஷனரான பிரீக்ஸ் எழுதிய நூல், அவர் இறந்தபின் 1873-இல் வந்தது. எருமை, பறவை உருவங்கள் உட்கார்ந்த மூடியோடு அழகழகான சுடுமண் கலங்களும் வெண்கலக் கிண்ணங்களும் கிடைத்தன. இன்று அவை சென்னை அருங்காட்சியகத்திலும் லண்டனிலும் கண்ணாடிக்குள் இருக்கின்றன. கிண்ணத்தின் வேலைப்பாட்டுக்குக் கொடுத்த கவனத்தை, எந்தச் சுவர் எதைப் பார்த்து நின்றது, ஒன்றிலிருந்து இன்னொன்று எவ்வளவு தூரம் என்பதற்கு அவர்கள் கொடுக்கவில்லை. பின்னால் தேயிலையும் ரோடும் வந்தன. பொருள் பத்திரமாக இருக்கிறது, அது கிடந்த நிலத்தின் கணக்கு போய்விட்டது. ஜவ்வாது மலைக்கும் அதே கதி வரக்கூடாது என்று எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது.

நமக்கும் மண்மேட்டைப் படிக்கத் தெரியும் என்பதற்குப் புதுக்கோட்டைப் பக்கத்துப் பொற்பனைக்கோட்டை இருக்கிறது. சமவெளிதான். வட்டமாக ஓடும் மண்மேடும் அகழியும் சங்ககாலக் கோட்டையின் எச்சம் என்று கண்டு, 2021-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2023-இலிருந்து மாநிலத் துறையும் அகழ்ந்தன. மேடு மேடாகவே விடப்பட்டிருந்ததால்தான் அது முடிந்தது.

இனி உங்கள் பக்கத்து நியாயத்துக்கு வருகிறேன். வண்டி மணிக்கணக்கில் ஓடுகிறது. டீசல் விலை உங்களுக்குத் தெரியும். வண்டிக்குத் தவணை கட்ட வேண்டும், நிறுத்தினால் ஓனர் கேட்பார், அடுத்த நிலத்துக்காரர் போன் மேல் போன் போடுவார். நிலத்துக்காரருக்கோ வேறு பயம். சொன்னால் நிலத்தைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளும், காலம் முழுக்க ஆபீசு ஆபீசாக அலைய வேண்டும் என்று. இந்தப் பயம் வெறும் கற்பனை என்று தள்ளிவிட எனக்கு மனம் இல்லை. கதவைத் தட்டி அலுத்துப்போனவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

சட்டம் சொல்வதை மட்டும் சொல்கிறேன். பக்கத்தில் 100 மீட்டருக்குள் கட்டக்கூடாது, அதற்கு மேல் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும் என்று பேசிக்கொள்கிறார்களே, அது ஒன்றிய அரசு பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தவற்றுக்கு. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010-இல் சேர்த்தது. ஒரு கல்வரிசையைப் பற்றி நீங்கள் தகவல் சொன்னதாலேயே அது பாதுகாக்கப்பட்ட சின்னம் ஆகிவிடாது. அதற்கென்று அரசு தனியே அறிவிக்க வேண்டும். வருகிறவர்கள் பல சமயம் அளந்து, படம் எடுத்து, எழுதிக்கொண்டு போவதோடு சரி. அந்த எழுத்து ஒன்றே பெரிய காரியம். மேடு பிறகு போனாலும் அது இருந்த இடமும் போன திசையும் பதிவாகியிருக்கும்.

காசோ நகையோ கிடைத்தால் அது வேறு. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணில் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. முறையாகச் சொல்லி, அதற்கு உரிமை கோரி யாரும் வராமல், அரசும் எடுத்துக்கொள்ளாமல் விட்டு, தனி ஒப்பந்தமும் இல்லையென்றால், நாலில் மூன்று பங்கு கண்டெடுத்தவருக்கு, ஒரு பங்கு நிலத்துக்காரருக்கு. நள்ளிரவில் வந்து ஆசை காட்டுகிற தரகன் இதை உங்களிடம் சொல்லமாட்டான். கல்வட்டத்துக்குள் தங்கம் இருக்கிறது என்று எவனாவது உங்களை ராத்திரியில் வண்டியோடு கூப்பிட்டால் போகாதீர்கள். அந்தக் குழிகளில் பெரும்பாலும் எலும்பும் பானையும் இரும்பும்தான் இருக்கும். உங்கள் வண்டி ஸ்டேஷனில் நிற்கும்.

படம் எடுப்பதற்கு ஒரு முறை சொல்கிறேன். போனில் லொக்கேஷனைப் போட்டுவிட்டு எடுங்கள். முதலில் கோடு முழுக்கத் தெரிகிற மாதிரி தூரத்திலிருந்து ஒன்று, பின்னால் மலையோ கோயில் கோபுரமோ தெரியட்டும். பிறகு கிட்டே ஒன்று, அளவுக்கு ஒரு மண்வெட்டியை வைத்து. ஏற்கெனவே வெட்டிவிட்டிருந்தால் வெட்டு முகத்தை நேராக எடுங்கள். நிழல் விழாமல் எடுத்தால் மண்ணின் நிற வேறுபாடு நன்றாகத் தெரியும். கல்லைப் புரட்டிப் பார்க்க வேண்டாம். பானை ஓட்டைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். எங்கே கிடந்தது என்பதுதான் அதன் மதிப்பு. பிறகு வி.ஏ.ஓ.விடம் சொல்லுங்கள். மாநிலத் தொல்லியல் துறைக்கும் தெரிவிக்கலாம். திருவண்ணாமலை மாவட்ட வரலாற்று ஆய்வு நடுவத்துக்காரர்கள் கல்வெட்டும் நடுகல்லும் தேடி மலை ஏறிக்கொண்டே இருக்கிறவர்கள். தகவல் போனால் மதிப்பார்கள். வேலூர்க் கோட்டைக்குள் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கேயும் கேட்கலாம்.

நிலத்தைத் திருத்தியே ஆகவேண்டிய இடம் நிறைய உண்டு, அதை நான் மறுக்கவில்லை. அங்கேயும் ஒரு வழி இருக்கிறது. மேட்டை முழுக்க நிரவாமல், ஓரத்தில் பத்தடி நீளமாவது அப்படியே விட்டுவிடச் சொல்லி நிலத்துக்காரரிடம் பேசுங்கள். வாழைத்தோப்புக்கு ஓரத்தில் ஒரு கல்மேடு இருந்தால் விளைச்சல் குறையாது. உங்கள் பேச்சுக்கு அவர் கொடுக்கிற மரியாதை எனக்கோ அதிகாரிக்கோ கிடைக்காது. இந்த மண்ணை வெட்டி வெட்டிப் பழகிய ஆள் நீங்கள் என்று அவருக்குத் தெரியும்.

பஞ்சாயத்திலும் ஒன்று கேட்கப் போகிறேன். அக்டோபர் 2 கிராம சபையில், கரட்டு நிலத்தில் வண்டி ஏறும் வேலைக்கு முன் ஓட்டுநரும் வி.ஏ.ஓ.வும் ஒரு தடவை நடந்து பார்க்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவர மனு எழுதியிருக்கிறேன். நீங்கள் நாலு பேர் வந்து கையைத் தூக்கினால் அது நிறைவேறும். அன்றைக்கு லீவு, வண்டி ஓடாது. படவேடு மட்டுமல்ல, சந்தவாசல் தம்பிகளும் அவரவர் ஊர்ச் சபையில் இதையே கேளுங்கள்; மனுவின் நகல் தருகிறேன், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

அதற்குள் எங்காவது சந்தேகமான கோடு தட்டுப்பட்டால் என்னைக் கூப்பிடுங்கள். ரேணுகாம்பாள் கோயில் தெருவில் பட்டுத்தறிக்காரர் வீடு என்று கேட்டால் காட்டுவார்கள். தறியை நிறுத்திவிட்டு வருகிறேன். டேப்பும் நோட்டும் என்னிடம் இருக்கின்றன, நடப்பதற்குக் காலும் இருக்கிறது.

அன்புடன்,
படவேட்டிலிருந்து ஒரு தறிக்காரர்